கணித்த கைகள்

என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவர்களுக்குப் பிறந்த எனக்குப் பெரியப்பா வைத்த பெயர் இசைவாணி. அவருக்கு நகைச்சுவை உணர்வு சுத்தமாகக் கிடையாது என்பதால் இதைக் கேலி என்றும் சொல்ல முடியாது. ஜோசியர் கொடுத்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு வைத்துவிட்டார். அப்பா அம்மாவுக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் எனக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். என் இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. ஆள்காட்டி விரலால் இடது கன்னத்தை இரண்டு முறை தட்டினால் அது நான்.

சைகையில் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு கைப்பெயர் உண்டு. அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது, கூட்டத்தில் உள்ளவர்கள்தான் வைக்க வேண்டும்.

செய்தி ஓடும்போது திரையின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றாலும் பாதகமில்லை, அது உங்களுக்காக அல்ல. அந்தக் கட்டத்துக்குள் பத்து வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். ஒவ்வொரு செய்தி முடிவிலும் கன்னத்தை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் கையை இறக்குவேன். செய்தி ஆசிரியர் அதை 'வணக்கம்' என்பதற்கான சைகை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. கடலூர் பக்கம் மணக்குப்பத்தில், ஐஸ் கம்பெனி வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும் என் அப்பா தணிகாசலம், அந்த இரண்டு தட்டைப் பார்க்காமல் டிவியை அணைக்க மாட்டார். அம்மா அஞ்சலை திரைக்குத் திருப்பிக் கன்னத்தைத் தட்டிக் காட்டுவாளாம்.

அப்போது மழை வந்தால் படம் போகும். முதலில் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் உறையும், அப்புறம் நீலத்திரையில் 'சிக்னல் இல்லை' என்று வரும். மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்து நனைந்துகொண்டே கீழே வருவோம். எரிச்சலான விஷயம்தான். ஆனால் அது உண்மையைச் சொன்ன திரை. எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிற திரையை இப்போது எங்கே போய்த் தேடுவது?

பிறகு புதிய ஒளிபரப்புத் தரம் வந்தது. தரம் என்றால் நல்லது கெட்டது பற்றிய பேச்சு அல்ல. வானத்திலிருந்து வரும் சிக்னல் எப்படி இருக்க வேண்டும், வீட்டிலுள்ள பெட்டி அதை எப்படிப் படமாக்க வேண்டும் என்று ஒரு குழு உட்கார்ந்து எழுதும் விதிகள். எல்லாக் கம்பெனிப் பெட்டியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். 'மழையிலும் படம் நிற்காது' என்று பேருந்துகளின் முதுகில் எல்லாம் விளம்பரம் ஒட்டினார்கள். நானே மணக்குப்பத்துக்கு ஒரு புதுப் பெட்டியும், கரண்ட் போனால் டிவி ஓட ஒரு பேட்டரியும் வாங்கிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவையே அழைத்து வந்து காட்டினார்.

புயல் வந்த அன்று மதியத்திலேயே ஊரில் டவர்கள் விழுந்துவிட்டன. அப்பா அம்மாவுடன் வீடியோவில் பேச முடியவில்லை. ஆனாலும் நான் அவ்வளவாகப் பதறவில்லை. என்னிடம் ஒரு கட்டம் இருந்தது. மணிக்கணக்காக அதில் நின்றேன். 'கடலூர் கரையோர மக்கள் உடனே வெளியேற வேண்டும், ஆற்று முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும்' என்று அதிகாரி படித்ததைக் கைகளில் சொன்னேன். இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் வீசி, கிளம்புங்கள், மேட்டுக்குப் போங்கள், இப்போதே. அவர் ஒருமுறை படித்ததை நான் மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் கன்னத்தைத் தட்டினேன். அப்பா, நான்தான் சொல்கிறேன், கிளம்புங்கள்.

மணக்குப்பத்தில் அன்று செத்தவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அரசாங்கம் அதைச் சாதனை என்று அறிவித்தது. அந்த அறிவிப்பையும் சைகையில் சொல்லும் வேலை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும், நான் சுடுகாட்டில் இருந்ததால் வேறொரு பெண் சொன்னாள்.

பக்கத்து வீட்டுத் தேசம்மா அக்கா பள்ளிக்கூட முகாமில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நான் கூப்ட்டேன் கண்ணு. சத்தியமா கூப்ட்டேன். கதவ தொறந்து உள்ள போயி உங்கப்பா சட்டையப் புடிச்சி இழுத்தேன். தண்ணி வருதுன்னு கைய காட்டனேன். வரமாட்டன்னுட்டாரு."

"ஏன்க்கா?"

"டிவியக் காட்டனாரு. உள்ள நீ நிக்கற. டிவில சத்தம் மட்டும் ஓடு ஓடுன்னுதான் சொல்லுது. அது அவங்களுக்கு எங்க கேக்குது? உன் கையப் பாத்துட்டு உங்கப்பா என்கிட்ட இப்டி இப்டி காட்டறாரு."

அக்கா செய்து காட்டினாள். உள்ளங்கைகளைக் கவிழ்த்து இரண்டு முறை மெதுவாக அழுத்தினாள். பிறகு நெஞ்சைத் தடவிக் கையை வெளியே வீசினாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். இருக்கிற இடத்திலேயே இருங்கள், பயமில்லை.

"அப்பறம் கன்னத்த ரெண்டு தட்டு தட்டிக் காட்டனாரு. எம்மவ சொல்லிட்டா, நீ யாரு சொல்றதுக்குங்கற மாதிரி சிரிச்சாரு. நான் இன்னா பண்ணுவேன் வாணி? எம்புள்ளைங்கள இழுத்துக்கினு ஓடனேன்."

நான் அப்படிச் சொல்லவில்லை. இதை யாரிடம் சொல்வது? கருமாதிக்கு அப்பாவின் சிநேகிதர்கள், காது கேளாதவர்கள், கடலூரிலிருந்து வந்தார்கள். அவரவர் வீட்டு டிவியில் அவர்களும் அன்று என்னைப் பார்த்திருந்தார்கள். பயமில்லை என்று நான் சொன்னதைப் பார்த்திருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். அம்மாவின் கூட்டாளி பவுனு சித்தி மட்டும் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் காது கேட்காதவள், பள்ளிக்கூடம் பார்க்காதவள், எழுத்தும் தெரியாது. புயலன்று திருப்பூரில் மகன் வீட்டில் இருந்ததால் தப்பித்தவள். நான் அழுது முடிக்கும் வரை விரல்களை நீவிவிட்டாள்.

சென்னை திரும்பியதும் அந்தத் தரத்தை எழுதிய குழுவில் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். சுகிர்தராஜ் என்று பெயர், என் வயதுதான் இருக்கும். தரமணியில் அவர்களுடைய சோதனைக்கூடம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் வாதாடவில்லை. மொட்டை மாடிக்குப் போய் ஒரு சாக்கை நனைத்து டிஷ் மேல் போட்டுவிட்டு வந்தார். ஈரச் சாக்கு மழை மாதிரிதான் சிக்னலைத் தடுக்குமாம்.

"சத்தத்த நிறுத்துங்க சார்," என்றேன்.

புயல் நாள் ஒளிபரப்பின் பதிவை அந்த டிஷ் வழியாக ஒரு பெட்டிக்கு அனுப்பினார். திரையில் நான் வந்தேன். அன்று கட்டியிருந்த அதே பச்சைச் சேலை. கொஞ்ச நேரம் கைகள் சரியாகப் பேசின. கிளம்புங்கள் என்று முன்னால் வீசின. ஒரு நொடி விரல்கள் மங்கின. பிறகு தெளிந்தன, முன்னைவிடத் தெளிவாக. உள்ளங்கைகள் கவிழ்ந்தன. இருங்கள். இருக்கிற இடத்திலேயே இருங்கள். பயமில்லை. கடைசியில் கன்னத்தில் இரண்டு தட்டு.

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது மேடம்," என்றார் சுகிர்தராஜ், மெதுவாக.

"எங்கப்பாவுக்கு ரெண்டும் வேற வேற பேச்சு சார். ஆனா ரெண்டுமே அவருக்கு நான்தான்."

அவர் எதிரில் உட்கார்ந்து விளக்கினார். மழையில் சிக்னல் மெலியும்போது எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. ஒலிக்குக் குறைந்த இடம் போதும் என்பதால் அதற்குப் பலமான கவசம் கொடுத்துவிட்டார்கள். எந்த மழையிலும் குரல் உண்மையாகவே போய்ச் சேரும். படம் பெரிது. அதில் தொலைந்த பகுதியைப் பெட்டியே நிரப்பிக்கொள்ளும்.

"எத வெச்சு நிரப்பும்?"

"இதுக்கு முன்னாடி வந்த படங்கள வெச்சு. இந்த இடத்துல, இந்த ஆளு, பெரும்பாலும் என்ன செய்வாங்கன்னு கணிக்கும்."

பெரும்பாலும் நான் என்ன செய்வேன்? பத்து வருடமாக எத்தனை புயல், எத்தனை தாழ்வு மண்டலம், எத்தனை நோய். ஒவ்வொன்றிலும் அரசாங்கம் என்ன சொன்னது? மக்கள் பீதி அடைய வேண்டாம், வீட்டிலேயே இருங்கள். நான்தான் சொன்னேன், ஆயிரம் முறை, இதே கைகளால். பெட்டி பொய் சொல்லவில்லை. என் பழக்கத்தைச் சொன்னது.

"நீங்க யாரும் இத சோதிக்கலையா?"

"சோதிச்சோம். எரநூறு பேர உக்கார வெச்சு, எது ஒரிஜினல் படம், எது கணிச்ச படம்னு கேட்டோம். ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியல." திரையின் மூலையைக் காட்டினார். "எல்லாரும் காது கேக்கறவங்க. அந்த மூலைய யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். படம் வரவில்லை என்றால் என் கட்டத்தைக் கறுப்பாக விடுங்கள். கறுப்பைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பார்கள். எல்லாரும் ஓடுவதைப் பார்த்தால் ஓடுவார்கள். அவ்வளவு போதும். பவுனு சித்தியும் அவளைப் போன்றவர்களும் இன்னும் அந்தக் கரையில்தான் இருக்கிறார்கள், அடுத்த புயல் எங்கேயும் போய்விடவில்லை.

சுகிர்தராஜ் கஷ்டப்பட்டு என்னைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். பெரிய ஓட்டலின் கூடம், தட்டுகளில் முந்திரி பிஸ்கட். தலைவர் அனந்தபத்மநாபன் எழுந்து நின்று என் அப்பா அம்மாவுக்காக ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்த வைத்தார். நல்ல மனிதர்தான். கெட்டவர் ஒருவரும் அந்த அறையில் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல், யாரையாவது திட்டியிருந்தால் தூங்கியாவது இருப்பேன்.

"அம்மா, நீங்க கேக்கறது நியாயம்," என்றார். "ஆனா திரையில எது உங்க கட்டம்னு பெட்டிக்குத் தெரியாதே. சிக்னல்ல அதுக்குன்னு ஒரு அடையாளம் நாங்க வைக்கல. கோடிக்கணக்கான பெட்டி வித்தாச்சு."

"அப்ப மழைன்னா மொத்தப் படத்தையும் கறுப்பாக்குங்க."

பெட்டி தயாரிக்கும் கம்பெனிக்காரர் ஒருவர் பதறிப்போனார். கறுப்பானால் ஜனங்கள் பெட்டி கெட்டுப்போச்சு என்று போன் பண்ணுவார்களாம். அதைத் தவிர்க்கத்தானே இந்தத் தரமே வந்தது.

அவர்கள் எனக்காக உண்மையாகவே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் முகம் மலர்ந்து எழுந்தார். ஒரு வழி கிடைத்துவிட்டது. பெட்டிகளை மாற்ற வேண்டாம், மென்பொருளை மட்டும் புதுப்பித்தால் போதும். திரையில் ஓடுவது கணித்த படம் என்றால், பார்ப்பவருக்குத் தெரியும்படி பெட்டி விட்டு விட்டு ஒரு பீப் ஒலி எழுப்பும்.

"ஒலிதான் எந்த மழையிலயும் தப்பாது," என்றார். "அதனால நூத்துக்கு நூறு நம்பகமான எச்சரிக்கை."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று முதலில் புரிந்தது சுகிர்தராஜுக்குத்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்களுக்குக் காது கேக்காது சார்," என்றேன்.

தலைவரின் முகம் செத்துப்போனது. ஆனால் சமாளித்துக்கொண்டார். இருபது வருடக் குழு அனுபவம்.

"முக்கியமான குறிப்பு. அடுத்த திருத்தத்துல கண்டிப்பா சேத்துக்கறோம். இப்போதைக்கு ஒண்ணுமில்லாததுக்கு இது பரவாயில்ல இல்லையா?"

அடுத்த திருத்தம் மூன்று வருடம் கழித்து. பீப் ஒலி ஒருமனதாக நிறைவேறியது. சிக்னல் மெலிந்தால் போனின் வீடியோ அழைப்புகளும் இதே தரப்படிதான் படத்தை நிரப்பிக்கொள்ளும் என்பதால் அவற்றில் உடனடியாகவும், டிவி பெட்டிகளில் அடுத்த மாதத்திலிருந்தும் ஒலிக்கும் என்று தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

இதைத் தொலைக்காட்சியில் அறிவித்த அன்று வங்கக் கடலில் இன்னொரு புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. கடலூரில் காலையிலிருந்தே மழை. 'காது கேளாதோரின் பாதுகாப்புக்காக' என்று தலைவர் பேட்டி கொடுக்க, மூலையில் நான் நின்றேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் சொல்லவில்லை. மழை பெய்யும்போது என் கைகளை நம்பாதீர்கள் என்று சொன்னேன். அது நான் இல்லை. பக்கத்து வீட்டார் ஓடினால் நீங்களும் ஓடுங்கள். திரும்பத் திரும்ப இதையே சொன்னேன். கடைசியில் கன்னத்தைத் தட்டவில்லை. ஸ்டுடியோவில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை, செய்தி ஆசிரியர் வழக்கம்போலக் கட்டைவிரலை உயர்த்தினார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. மழை இல்லாத ஊர்க்காரர்களுக்குத்தான் நான் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கும். மழை பெய்கிற ஊரில் என் கைகள் வேறு ஏதாவது சொல்லியிருக்கும். அது என்ன என்று நான் யோசிக்கத் தேவையில்லை.

பவுனு சித்தி மணக்குப்பத்து வீட்டில் தனியாக இருந்தாள். தேசம்மா அக்கா பிள்ளைகளோடு பண்ருட்டிக்குக் குடிபோய்விட்டாள். கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினேன். "எல்லா வீட்டையும் தட்டறாங்கம்மா, கவலப்படாதீங்க," என்றார்கள். தட்டினால் கேட்காத வீடு அது. சொன்னேன், குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

சித்தியை வீடியோவில் அழைத்தேன். இந்த முறை டவர் விழவில்லை, உடனே எடுத்துவிட்டாள். வீட்டுக்குள்ளே விளக்கு மாடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தி, கிளம்பு, கடல் வருகிறது, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ என்றேன், கைகள் வலிக்க. சித்தி கவனமாகப் பார்த்தாள். சரி கண்ணு, பையை எடுத்துவிட்டேன், இதோ கிளம்புகிறேன், நீ சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

எனக்கு உயிர் வந்தது. அப்போது என் போன் பீப் என்றது.

நான் கையை நிறுத்தினேன். மறுபடி பீப். சித்தியின் விரல்கள் தெளிவாக, நிதானமாக, நான் கேட்க ஆசைப்பட்டதையே சொல்லிக்கொண்டிருந்தன. கிளம்பிவிட்டேன், கவலைப்படாதே. அந்தப் பக்கம் சித்தியின் போனிலும் இதே ஒலி வந்துகொண்டிருக்க வேண்டும். அவள் போனில் சத்தத்தை எப்போதும் அணைத்தே வைத்திருப்பாள், எதற்கு வேண்டும் அவளுக்கு. என் கைகள் அங்கே என்ன சொல்லிக்கொண்டிருந்தனவோ.

ஒலி மட்டும் உண்மையாக வந்தது. ஓட்டில் மழை அறைந்தது. பிறகு கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள்.

"யாராச்சும் உள்ள இருக்கீங்களா?"

சித்தி, கதவு, கதவு என்று கைகளை ஆட்டினேன். வாயாலும் கத்தினேன், சத்தம் அணைந்த போனுக்குள். திரையில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டல் இன்னும் இரண்டு முறை கேட்டது.

"ஆள் இல்லபோல. போயிருப்பாங்க. அடுத்த வீட்டப் பாரு."

தண்ணீரில் கால்கள் அளைந்துகொண்டு போகும் சத்தம் தேய்ந்தது. சித்தி என்னைப் பார்த்துச் சிரித்து, நான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று கை காட்டினாள். பின்னால் அவள் வீட்டு மாடம் அப்படியே தெரிந்தது. போன் பீப் என்றுகொண்டே இருந்தது. நான் அதை நன்றாகக் கேட்டேன்.